எண்பத்தாறு பீப்பாய்கள்

— எழுது. ரெண்டாயிரத்துப் பதினாலு, பிப்ரவரி பதினொண்ணு, செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது நாற்பது. வெளியே வடகாத்து, பனியோட கலந்த மழை. நிலவறைச் சூடு பன்னிரண்டு டிகிரி. எழுதியாச்சா?

— எழுதிட்டேன், அக்கா. காத்து மழையெல்லாம் எதுக்கு? அதாவது, பாட்டில்ல அடைக்கலாமா வேண்டாமான்னு ஒரு வரி போதுமே.

— மழை நாள்ல ஒயின் வாயைத் திறக்காது. எந்த வானத்துக்குக் கீழே ருசி பார்த்தோம்னு நாளைக்குப் படிக்கிறவனுக்குத் தெரியணும். அப்பா எழுதினார், நானும் எழுதறேன். காலையில என்ன சாப்பிட்டே?

— ஒண்ணுமில்ல. சத்தியமா.

— காப்பி?

— ஒரே ஒரு வாய்...

— அமான்சியோ! ருசி பார்க்கிற நாள்ல காப்பி குடிக்கிறவனை இந்த ரியோஹா திராட்சைச் சீமையில ஒரு கழுதைகூட மதிக்காது. வாயைக் கொப்புளி.

— மேலே பாட்டில் அடைக்கிற ஆளுங்க ஆறு பேர் நிக்கிறாங்க, அக்கா. நீ கையெழுத்துப் போட்ட தாளைப் பார்க்காம ஒரு தக்கையைக்கூடத் தொட மாட்டாங்களாம்.

— நிக்கட்டும். இந்த ஒயின் ரெண்டாயிரத்து அஞ்சுல இருந்து மரத்துக்குள்ள நிக்குது. எண்பத்தாறு பீப்பாய். இது பத்தொன்பதாவது. நீ முதல்ல.

— ம்... நல்லாருக்கு.

— சரியாச் சொல்லு. 'நல்லாருக்கு'ங்கிறது மாமியார் வெச்ச சூப்புக்குச் சொல்றது.

— பழுத்த செர்ரி. கொஞ்சம் பழைய தோல்பை வாசனை. நீ பாரேன்.

— கொண்டா... நிறம், பழஞ்செங்கல். மெழுகுவத்திக்கு நேரே பிடிச்சா ஒரு கசடு கிடையாது. வாசனையில குறை இல்லை. எழுது: அடைக்கலாம்.

— அடைக்கலாமா?

— ஏன், காது கேக்கலையா?

— அதாவது... நாற்பதாவதையும் ஒரு தடவை பாரேன். கதவோரம் இருக்கே, அது.

— முப்பத்தோரு வருஷமா இந்த வீட்டுக்கு ருசி பார்க்கறேன். இன்னொரு தடவை பாருன்னு ஒருத்தரும் சொன்னதில்லை. சரி, ஊத்து... இதுலயும் குறை இல்லை. பேனாவைக் குடு.

— போடாதே!

— என்னடா?

— ஈர அட்டைப்பெட்டி நாத்தம் அடிக்குது, அக்கா. மழையில நனைஞ்ச அட்டை. பத்தொன்பதுல லேசா. நாற்பதுல மூக்கை அறுக்குது. உனக்குத் தெரியலையா?

— அப்போ செர்ரி?

— பொய்.

— அட்டை எங்கேருந்து வந்தது? சரியாச் சொல்லு.

— என்னாலதான். செப்டம்பர்ல நீ கண் ஆபரேஷனுக்குப் பம்ப்ளோனா போயிருந்தே. அந்த வாரம் ஓசாகாவுலேருந்து வாங்கறவங்க வந்தாங்க. போன தடவை தரையில பூஞ்சையைப் பார்த்து முகம் சுளிச்சாங்களேன்னு... பிளீச்சிங் பவுடர் கரைச்சு இந்த அறையைக் கழுவினேன்.

— குளோரினா? இத்தனை மரத்துக்கு நடுவுலயா? குளோரினும் மரத்துப் பூஞ்சையும் சேர்ந்தா இந்த அட்டை நாத்தம்தானே வரும்!

— வெந்நீர் தவிர வேற எதுவும் உள்ளே வரக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? ஒரே ஒரு தடவைதானேன்னு நினைச்சேன். நாலு தடவை அலசினேன். கிறிஸ்துமஸுக்கு அப்புறம் அட்டை வாசனை வந்தது. தினமும் வந்து மோந்து பார்ப்பேன். நீ ஒண்ணும் சொல்லல. சரி, எனக்குத்தான் பிரமைன்னு நம்பினேன். அதாவது, நம்ப ஆசைப்பட்டேன்.

— அஞ்சு மாசம் வாயைத் திறக்கல.

— இன்னைக்கு நீ கண்டுபிடிப்பே, கோப்பையை என் தலையில கவிழ்ப்பேன்னு காத்திருந்தேன். நீ 'அடைக்கலாம்'னதும்தான் நாற்பதாவதைப் பாருன்னேன். நம்ம ஒயினைச் சும்மா எவனும் திறக்கிறதில்லை, அக்கா. இருபத்தஞ்சாவது கல்யாண நாளுக்குன்னு எடுத்து வெச்சுத் திறப்பான். அவன் மேஜையில இந்த நாத்தமா?

— மத்த அறைகள்?

— அங்கே கழுவல. ஒவ்வொரு பீப்பாயா மோந்தும் பார்த்துட்டேன். சுத்தம்.

— நிச்சயமா?

— சத்தி... நிச்சயமா.

— அந்தத் தாளைத் தள்ளு.

— ஒரு வரி போதாதா? எவ்வளவு எழுதறே? திட்டறதுன்னா வாயாலயே திட்டிடு.

— கையெழுத்தும் போட்டாச்சு. பிடி. சத்தமாப் படி.

— 'இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு ஒயின் பாட்டிலில் அடைக்கப்படாது. எண்பத்தாறு பீப்பாய்களும் இவ்வறையிலிருந்து அகற்றப்படும். இன்றுமுதல் இவ்வீட்டிற்கு ருசி பார்ப்பவர்...' நானா? கெடுத்தவனே நான்தானே! காசில்டா அக்கா, உன் மூக்கு இருக்கிறப்போ என் மூக்கு எதுக்கு?

— ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வந்த காய்ச்சல்ல என் மூக்கு போயிடுச்சு, அமான்சியோ. இன்னைக்கு நீ செர்ரின்னே, நானும் குறை இல்லைன்னேன். போன ரெண்டு ஒயினுக்கும், நீ மோந்தப்போ உன் முகத்தைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.