எல்லாவற்றுக்கும் பெயர் வரவேற்பு

பெயரும் முகவரியும் தனித்தாளில் கண்டபடி. வயது 41. சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் கம்ப்யூட்டர் பராமரிப்பு வேலை. அங்கே என்னை ‘வயர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டேன்.

இரண்டு மாதம் முன்பு வரவேற்பு மேசைக்குப் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினார்கள். எங்கள் வேலைக்கு ஏற்றபடி நானே ஆபரேட்டிங் சிஸ்டத்தை அமைத்து ஏற்றி, அதற்கு ‘வரவேற்பு’ என்று பெயர் வைத்தேன். நன்றாக ஓடியதால் மறுநாளே மேலாளர் அதைத் தம் அறைக்குத் தூக்கிக்கொண்டார். அதன் பிறகு அதே மாடலில் மேலும் பதினொன்று வந்தன. எல்லோருக்கும் கொடுத்தார்கள். வரவேற்பில் இருக்கும் அக்காவுக்கு மட்டும் பழைய டப்பாவே போதும் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

ஒன்றில் அமைத்ததை நகலெடுத்து மற்றவற்றில் ஏற்றுவதுதான் முறை. ஆனால் நகலெடுக்கும் முன் மூலத்தில் சேமித்த பாஸ்வேர்டுகளை அழிக்க வேண்டும், ஏற்றிய பின் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வைக்க வேண்டும். அதற்கு ஒரு நாள் கேட்டேன். “சும்மா நோண்டாதய்யா. என்னோடது நல்லா ஓடுதுல்ல? அச்சு அசலா அதையே எல்லாத்துலயும் போடு” என்றார் மேலாளர். போட்டேன்.

நேற்று மேலாளரின் மெயிலிலிருந்து முதலாளிக்கு ராஜினாமாக் கடிதம் போயிருக்கிறது. முதலாளி காரணம்கூடக் கேட்காமல் உடனே ஏற்றுக்கொண்டார். தாம் அனுப்பவே இல்லை என்று மேலாளர் குதித்தார். அனுப்பிய கம்ப்யூட்டரின் பெயரைப் பார்த்தபோது ‘வரவேற்பு’ என்றிருந்தது. நான் வாய் திறப்பதற்குள் அவர் அக்காவின் மேல் போலீஸில் புகார் கொடுத்துவிட்டார். “தம்பி, மெயில் தொறக்கவே நான் உன்னைத்தானே கூப்பிடுவேன், சொல்லேன்” என்றார் அக்கா.

இன்று காலை அலுவலகத்தில் காவல் ஆய்வாளர் முன்னிலையில் எல்லாக் கம்ப்யூட்டர்களையும் திறந்து காட்டினேன். புதியவை பன்னிரண்டிலும் மேலாளரின் மெயில் பாஸ்வேர்டு கேட்காமலே திறந்தது. பன்னிரண்டின் பெயரும் ‘வரவேற்பு’தான். அனுப்பியது யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்வார்கள் என்றும் தோன்றவில்லை. அக்கா காலையிலிருந்து இந்த ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவரை வீட்டுக்கு அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். ‘வரவேற்பு’ என்ற பெயர் இல்லாத கம்ப்யூட்டர் அந்த அலுவலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது வரவேற்பு மேசையில் இருக்கிறது.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னதும் இதுவே, நடந்ததும் இதுவே.

(கையொப்பம்)