மாப்ள மூக்குல கறுப்பு

இல்ல டாக்டர், சாயம் இல்ல. நானும் முதல்ல அப்படித்தான் நெனச்சேன். ஈரத்துணியால தொடைச்சேன், சோப்பு போட்டுப் பார்த்தேன், போகல. நுனியில மொளகு அளவுதான் இருந்துச்சு அந்தக் கறுப்பு. இப்போ பாருங்க, பாதி மூக்கு ஏறிடுச்சு. ஓரம் வேற செதில் செதிலா உரியுது. காலைல பார்த்தா கிளிக் கூண்டுத் தண்ணிக் கிண்ணத்துல ரத்தம். அதான் தூக்கிக்கிட்டு ஓடி வந்தோம். பயப்படாம பிடிங்க, கடிக்க மாட்டான். மாப்ள, சும்மா இரு. டாக்டர் பார்க்கட்டும்.

ஆமா, பேரே மாப்ளதான். என் பையன் வச்சது. பொண்ணே பெக்காத வீட்டுக்கு மாப்ள எங்கருந்துடா வந்தான்னு அவங்கப்பா கேப்பாரு. குஞ்சா வரும்போது இந்த மூக்கு வெளிறிப்போய்க் கெடந்துச்சு. கடைக்காரன் சீக்குக் கிளியைத் தலையில கட்டிட்டான்னேன் நான். பொறும்மா, வளர வளர செவக்கும்னான். செவந்துச்சு. அப்படி ஒரு செவப்பு! லிப்ஸ்டிக் போட்டுக்கிட்டு யாரைப் பார்க்கக் கெளம்பிட்டே மாப்ளன்னு கேட்டுக் கேட்டுச் சிரிப்பான் பையன்.

தீனியா? பழம், கீரை, கேரட்டு எல்லாம் குடுக்குறேன். வெறும் சூரியகாந்தி விதையாப் போட்டா ஈரல் கெட்டுடும், ஈரல் கெட்டா மூக்கு கண்டபடி வளரும்னு கடையில சொன்னாங்க, அதையும் நிறுத்திட்டேன். மூக்கைத் தேய்ச்சுக்கக் கூண்டுல கணவாய் மீன் ஓடு கட்டி விட்டிருக்கேன். வயசானா கறுக்கத்தான் செய்யும்னாங்க என் நாத்தனாரு. வயசு என்ன வயசு, இது கெளவனா?

என்னது... அடியா?

ம். அடிதான் டாக்டர். உள்ள ரத்தம் கட்டியிருக்கா? ஐயோ, அப்போ வலிக்குமா அதுக்கு? நகம் மாதிரி, உணர்ச்சியே இருக்காதுன்னுல்ல நெனச்சேன். உள்ள எலும்பா? நரம்பு கூடவா? தெரியாமப் போச்சே. இத்தனை நாள் வலியோடயா...

எங்க இடிக்குதுன்னா, கதவுல. பையன் ரூம் கதவு. அது ரெண்டு பேருக்கும் ஒரு வெளையாட்டு. மத்தியானம் சாப்பிட்டுட்டு அவன் கதவைச் சாத்திக்கிட்டுப் படிப்பான். இவன் கூண்டுலருந்து எறங்கி, தத்தித் தத்திப் போய், மூக்கால டொக் டொக். உள்ளருந்து அவன் விரலால டொக் டொக். மறுபடி இது. மறுபடி அவன். இது கோவிச்சுக்கிட்டுக் கத்துற வரைக்கும் திறக்க மாட்டான்.

இல்ல, இப்போ திறக்குறதில்ல. காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில சேர்த்தோம். நடந்துதான் போனான் உள்ள. வந்து மாப்ளயைக் குளிப்பாட்டணும்னு சொல்லிக்கிட்டே போனான். வரல. எல்லாம் முடிஞ்ச அன்னைக்கு அவங்கப்பா ரூமைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. அதுக்கப்புறம் மனுசன் வாயே திறக்கல. சோறு வச்சா தட்டையே பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. இது மட்டும் தினமும் போய்த் தட்டிக்கிட்டே இருந்துச்சு. அதுக்கு யாரு எடுத்துச் சொல்றது?

தடுக்காம இருப்பேனா? கதவோரம் தலையணை சாத்தி வச்சேன். அவரு எடுத்துத் தூரப் போட்டாரு. கூண்டைப் பூட்டினேன். திறந்து விட்டுட்டாரு. இது போகலைன்னா கையில தூக்கிக்கிட்டுப் போய்க் கதவு முன்னாடி எறக்கி விடுறாரு டாக்டர். மூக்கு கறுக்குதுங்கன்னேன். சும்மா இருடி, அவன் பதில் சொல்றான், உனக்குக் கேக்கலயாங்குறாரு.

அப்படிப் பார்க்காதீங்க. அவருக்கு ஒண்ணும் புத்தி கலங்கல. நெஜமாவே கேக்குது. இது ரெண்டு தட்டினா உள்ளருந்து ரெண்டு தட்டு வருது. அதைக் கேட்ட அன்னைக்குத்தான் வாயைத் திறந்து சோறு கேட்டாரு. இன்னும் கொஞ்சம் போடுன்னாரு. ஷேவ் பண்ணிக்கிட்டாரு. இப்போ மத்தியானம் ஆனா தலையை வாரிக்கிட்டு, நாற்காலியை அந்தக் கதவுப் பக்கம் இழுத்துப் போட்டு உக்காந்துக்குறாரு, வீட்டுக்கு யாரோ வரப்போற மாதிரி. இன்னைக்கும் மத்தியானத்துக்குள்ள திரும்பிடணுமாம். வெளிய வண்டிக்கிட்ட நிக்க முடியாம நிக்கிறாரு.

எலியா? இல்ல டாக்டர். எலி இல்ல.

இது எப்போ சரியாகும், அதைச் சொல்லுங்க. புதுசா வளர்ந்து வளர்ந்து இந்தக் கறுப்பை நுனி வரைக்கும் தள்ளிக்கிட்டு வரணுமா... அதுவரைக்கும் ஒரு தட்டு கூடத் தட்டக் கூடாதா? நுனி ஒடைஞ்சுடுமா? ஒடைஞ்சா திங்க முடியாதா? வேற வழியே இல்லையா டாக்டர்? மேல ரப்பர் மாதிரி ஏதாச்சும் ஒட்டி விட முடியுமா? சத்தம் கொறைஞ்சாலும் பரவால்ல, வந்தாப் போதும்.

வேண்டாம் வேண்டாம், அவரைக் கூப்பிடாதீங்க. உங்க ரூம் கதவைக் கொஞ்சம் சாத்துங்க, சொல்றேன்.

பையன் ரூமுக்குப் பின்பக்கமா இன்னொரு கதவு இருக்கு, துணி காயப்போடுற எடத்துக்குப் போறது. அவருக்கு அந்த நெனப்பே இல்ல. ஒரு நாள் பையன் தலையணையை மோந்து பார்க்கணும் போல இருந்துச்சு, அந்த வழியா உள்ள போயிட்டேன். அந்த நேரம் பார்த்து இது வந்து தட்டுச்சு. பாவம், நிக்குதேன்னு என் கை தானாப் போயிடுச்சு. ரெண்டே தட்டு. வெளிய நாற்காலி சாயுற சத்தம் கேட்டுச்சு. தம்பீன்னு அவரு குரல். அத்தனை நாள் கழிச்சு அவரு குரல் டாக்டர். அதுலருந்து தினமும் துணி எடுத்துட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போறேன்.

சரி, மருந்து எழுதுங்க. கூண்டுலயே வச்சுக்குறேன், சத்தியமா வெளிய விட மாட்டேன். இதுவும் அவன் வளர்த்த உயிருதானே. அவருக்கு என்ன சொல்றதுன்னுதான் தெரியல. ரெண்டு பக்கமும் நானே நின்னு தட்ட முடியாதுல்ல.