ஐயாதுரை மாமாவுக்கு இரண்டாம் முறை கட்டிய பேனர்

விஸ்காம், அதாவது காட்சித் தொடர்பியல், படிக்கிறேன் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: கல்யாணத்துக்கு வீடியோ எடுப்பியா? இதில் கோபப்பட ஒன்றுமில்லை சார். எடுப்பேன்.

ஐயாதுரை மாமா மட்டும் வேறு மாதிரிக் கேட்டார். அம்மாவின் தம்பி; ராஜபாளையம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். "ஏலே மருமவனே, பேசிப் பழகுறதுக்கு ஒரு காலேசா? ஒங்க அத்தை எந்தக் காலேசுல படிச்சா?" அடுப்படியிலிருந்து மாரிசெல்வி அத்தை பதில் சொன்னார்: "ஒங்க மாமாவக் கேக்க வைக்கதுக்கு ஒரு படிப்பு இருந்தாச் சொல்லுய்யா. நானும் சேருதேன்."

நல்ல குடும்பம். அவர்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசி செமஸ்டரில் எங்களுக்கு ஒரு புராஜெக்ட். பொது இடத்தில் வைக்கிற மாதிரி ஏதாவது ஒன்றை வடிவமைக்க வேண்டும். அதை ஜனங்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். யுவராணி மேடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "பேனர எவன் வேணா அடிப்பான். பாக்குறவன் மொகத்துல என்ன வருதோ, அதுக்குத்தான் மார்க்." அதில் தேறாவிட்டால் டிகிரி இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நேசையன் அண்ணாச்சியின் ஃப்ளெக்ஸ் கடையில் அப்போது நான் பகுதி நேர வேலை பார்த்தேன். சடங்கு, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் பின்னால் அங்கே ஒரே அருவிதான் கொட்டும். பூவின் நிறத்தை மட்டும் மாற்றுவோம்.

மாமாவின் நுரையீரலைப் பீடி தின்றிருந்தது. மதுரையில் சேர்த்திருந்தார்கள். ஒருநாள் காலையில் அத்தை போனில் அழுதார்: மூச்சு நின்றுவிட்டது, கொண்டுவருகிறோம். நான் உடனே கடைக்குப் போய் பேனர் அடித்தேன். அருவி வைக்கவில்லை, பூவும் வைக்கவில்லை. வெள்ளைப் பின்னணியில் மாமாவின் சிரிப்பு மட்டும். போட்டோகிராஃபி பிராக்டிகலுக்கு நானே எடுத்த படம் அது. கீழே பெயர், தேதி, பிறகு 'ஆழ்ந்த வருத்தத்துடன், மருமகன் லிங்கேஸ்வரன், பி.எஸ்சி., விஸ்காம்'. பட்டம் இன்னும் வாங்கவில்லைதான். பேனரில் எல்லோரும் கொஞ்சம் முன்கூட்டிப் போட்டுக்கொள்வது வழக்கம்.

மாமாவின் தெரு முக்கில் கட்டிவிட்டு கேமராவோடு நின்றேன். அதற்குள் வழியில், கிருஷ்ணன்கோவில் வேகத்தடையில் ஆம்புலன்ஸ் ஏறி இறங்கியதில் மாமாவுக்கு இருமலோடு மூச்சும் வந்துவிட்டது. என் பேனருக்குக் கீழே வந்து நின்ற வண்டியிலிருந்து அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அழுவதற்காகக் கூடியிருந்த தெரு முழுவதும் சிரித்தது.

"ஏலே, உசுரோட இருக்கையில நான் இம்புட்டு அழகா இருந்ததில்லையே. சுருட்டி வையி. வீணாக்காத, பொறவு ஆவும்" என்றார் மாமா.

இது அவர் வாயால் சொன்னது சார். தெருவே சாட்சி.

படங்களைப் பார்த்து மேடம் உதட்டைப் பிதுக்கினார். "கண்ணீர் அஞ்சலிக்கு முன்னாடி ஊரே பல்லக் காட்டுது. நீ சொன்னது ஒண்ணு, போய்ச் சேந்தது ஒண்ணு. மறுபடியும் செஞ்சுட்டு வா. இதுதான் கடைசி வாய்ப்பு."

வேறு பேனர் செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். காதுகுத்து பேனரைப் பார்க்கிறவன் முகத்தில் என்ன வரும்? பந்தி எப்போது என்பதுதான் வரும். நான் அதுவரை செய்ததில் உருப்படியானது மாமாவின் பேனர் ஒன்றுதான். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் குறை இல்லை. குறை வேறு இடத்தில் இருந்தது.

மாமாவை வீட்டில் ஆக்சிஜன் மிஷின் வைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். அது கரண்டில் ஓடுவது. கரண்ட் போனால் திறந்துவிடப் பக்கத்தில் ஒரு சிலிண்டர் நின்றது. அதைத் திறக்க ஓர் இரும்புச் சாவி. வியாழக்கிழமை பகல் முழுக்க மின்தடை என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அன்றைக்கு அத்தைக்குக் கூமாப்பட்டியில் ஒரு சடங்கு வீடு. நீங்கள் போய் வாருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "நீ இருக்கப்போயித்தான்யா எனக்குத் தைரியம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொன்ன நேரத்துக்குக் கரண்ட் போனது. மிஷின் கொஞ்சம் கத்திவிட்டு அடங்கியது.

"மருமவனே, சிலிண்டரத் தொறலே."

"செத்த பொறுங்க மாமா."

"சாவிய எங்கலே வச்ச?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் என் சட்டைப் பையைப் பார்த்தார். கண்டக்டர் இல்லையா, எந்தப் பையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். வாயைத் திறந்தார். அது மூச்சுக்காக என்று நீங்கள் சொல்வீர்கள். சிரித்தார் என்றுதான் எனக்குப் படுகிறது. பேனரில் இருக்கும் சிரிப்பைவிட அது நன்றாக இருந்தது. கேமரா பையில் கிடந்தது. எனக்கு இருக்கிற ஒரே வருத்தம் அதுதான்.

நேசையன் அண்ணாச்சி உங்களிடம் சொன்னது சரி. பழைய தேதிமேல் ஒட்டுவதற்கான புதுத் தேதிப் பட்டையைப் புதன்கிழமையே அடித்து வாங்கினேன். வியாழக்கிழமை கடையிலும் கரண்ட் இருக்காதே சார்.

சாயங்காலம் அதே முக்கில் அதே பேனரைக் கட்டினேன். மலைப் பக்கமிருந்து வெயில் சாய்வாக விழுந்தது. ஒருத்தர் முகத்திலும் சிரிப்பு இல்லை. கூமாப்பட்டியிலிருந்து பட்டுச்சேலையோடு ஓடிவந்த அத்தை பேனர் கம்பத்தைக் கட்டிக்கொண்டு சரிந்த படம்தான் முதலில் இருக்கிறது. அதை மேடம் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு முழு மார்க் போட்டார். ஆகவே பெயருக்குப் பின்னால் நான் போட்டிருந்த பட்டம் பொய்யில்லை. தேதியும் பொய்யில்லை.

இத்தனையும் மார்க்குக்காக என்று எழுதிவிடாதீர்கள். அந்த மனிதரை அவ்வளவு அழகாக வேறு யார் காட்டினார்கள்? பேனர் இன்னும் முக்கில்தான் இருக்கிறது. கழற்றுகிறவர்களிடம், ஓரம் மடங்காமல் கழற்றச் சொல்லுங்கள். கீழே என் பெயர் இருக்கும் இடம் சீக்கிரம் கிழியும்.

மாமாவுக்காகத்தான் சொல்கிறேன்.