இறங்கும்போது தட்டுற கார்டு

— இன்னொரு தடவ வைங்கம்மா. என் கை மெஷினு மேல நல்லா படுற மாதிரி வைங்க.

— வச்சிட்டேன் அண்ணே. இதோட மூணு தடவ ஆச்சு. கார்டு தேஞ்சிரப் போவுது.

— கொசோங் காட்டுது. வெறும் முட்டை. பஸ்ஸு ஓடுது, நீங்க சீட்டுல உக்காந்திருக்கீங்க, மெஷினுக்கு மட்டும் ஒங்களத் தெரியல. என்னாம்மா இது?

— ஏறும்போது நான் தட்டலயே. அப்புறம் எப்படித் தெரியும்?

— அட, பட்டுன்னு ஒத்துக்கிட்டீங்க! பதினெட்டு வருசமா செக்கரா இருக்கேன், இவ்வளவு சுளுவா யாரும் ஒத்துக்கிட்டது இல்ல. எங்க ஏறினீங்க?

— லகாட் ஊருக்கு முந்தி, பழைய தோட்டத்துல வீடுங்க கட்டியிருக்காங்களே, அந்தத் தாமான்ல.

— எதுக்குத் தட்டல?

— எறங்கும்போது தட்டுவேன்லா.

— சுகு அண்ணே! ஸ்டியரிங்க புடிச்சுக்கிட்டே கொஞ்சம் காதக் குடுங்க. எறங்கும்போது தட்டுவாங்களாம்!

— கேக்குது கனகு. மூணு வாரமா கேட்டுக்கிட்டுத்தான் வாரேன். பழைய டிரைவர் வேலைய விட்டுப் போனாரு, இந்த ரூட்டு என் தலையில விழுந்துச்சு. அந்த ஸ்டாப்புல ஏறுற அத்தன பேரும் இதேதான் சொல்றாங்க. நான் ரோட்டப் பாப்பேனா, இவங்க கார்டப் பாப்பேனா?

— இப்பப் புரியுதாம்மா நான் ஏன் வந்திருக்கேன்னு? மெஷின் கணக்குல காலையில ஒங்க ஸ்டாப்புல ஒரு ஈ காக்கா கூட ஏறுறதில்ல. ஆனா பஸ்ஸு நெறஞ்சு வருது. ஆபீஸ்ல சந்தேகம் வந்து என்னைய அனுப்பினாங்க. ஐசிய எடுங்க, அடையாள அட்டைய.

— ஐசி எதுக்கு?

— சம்மன் எழுத, அபராதம் போட. வேற எதுக்கு, அழகு பாக்கவா?

— ஐயோ ஏசப்பா! அண்ணே, இன்னிக்கு வேணாம் அண்ணே. நாளைக்கு எழுதுங்க. நாளைக்கு ரெண்டா வேணும்னாலும் எழுதுங்க, வாங்கிக்கிறேன்.

— சம்மனுக்கு நாள் நட்சத்திரம் பாக்குற ஆள இப்பதான் பாக்குறேன். இன்னிக்கு என்னா விசேசம்?

— பத்து மணிக்கு இண்டர்வியூ.

— எங்க?

— ஒங்க டிப்போலதான்.

— எங்க டிப்போலயா? கூட்டுற வேலைக்கா?

— ஓட்டுற வேலைக்கு.

— எதை ஓட்டுற வேலைக்கு?

— பஸ்ஸத்தான். ஏன் அண்ணே அப்படிப் பாக்குறீங்க? பஸ்ஸு ஓட்ட மீசை வேணுமா?

— கனகு, ஒனக்கே மீசை இல்ல. வாய மூடிக்கிட்டு ஐசியப் பாரு.

— நீங்க சும்மா ஓட்டுங்க சுகு அண்ணே. யம்மா, மெய்யாவா சொல்றீங்க?

— இந்தாங்க லைசென். பஸ் லைசென், போன மாசம் எடுத்தது. ரெண்டு தடவ பெயிலு, மூணாவது தடவ பாஸு. அதுக்கு முந்தி பள்ளிக்கூட வேன் பதினோரு வருசம் ஓட்டினேன். பத்து காஜா டவுன்ல கேட்டுப் பாருங்க, எல்ஸி வேன்னா தெரியும். புள்ளைங்க கொறஞ்சு போச்சு, வேன வித்தாச்சு. இப்ப ரெண்டு வருசமா சாப்பாட்டுக் கடையில மங்கு, தட்டு கழுவுறேன். கையப் பாருங்க, தோலு உரிஞ்சு போய் கெடக்கு.

— ம்ம்.

— இந்தச் சட்டைய எங்க வீட்டுக்காரரு பெர்னார்டு விடியக்காலையில எந்திரிச்சு ஐயர்ன் பண்ணிக் குடுத்தாரு. கல்யாணமாயி இருபது வருசத்துல இதான் மொதத் தடவ. சட்டைக் கையில ஒரு எடத்துல சுட்டே வச்சிட்டாரு. அத மறைக்கத்தான் இந்த மடிப்பு. இவ்வளவும் பண்ணிட்டு, காசு குடுக்காம பஸ்ஸுல ஏறினவன்னு பேரு வாங்கிக்கிட்டு அந்த ஆபீஸுக்குள்ள போவேனா? பஸ் கம்பெனியில போய்?

— நான் எழுதுற சம்மன் லிஸ்டு ஒம்போதே முக்காலுக்கு மெஷின்லேர்ந்தே ஆபீஸ் மேடம் மேசைக்குப் போயிரும். அதுதான் சிக்கலு.

— போச்சு. எல்லாம் போச்சு.

— பொறுங்க, பொறுங்க. அழுவாதீங்க. பின்னுக்கு இருக்கிறவங்க என்னையப் பாக்குறாங்க. இங்க பாருங்க, கிட்டத்துல வாங்க. மறந்துட்டேன்னு சொல்லுங்க.

— என்னாது?

— மறந்துட்டேன். ஒரே வார்த்தை. மொதத் தடவ மறந்தா எச்சரிக்கை மட்டும்தான், பேரு எழுத வேண்டியதில்ல. ரூல்ஸுலயே இருக்கு. முன்னுக்குப் போய் ஒரு தட்டுத் தட்டிட்டு வந்து உக்காருங்க. நான் பின்னாடி போய் மத்தவங்களப் பாக்குறேன்.

— மத்தவங்கன்னா?

— ஒங்க ஸ்டாப்புல ஏறின மத்த ஆறு பேரு. சுகு அண்ணே அடையாளம் சொல்லிட்டாரு.

— அவங்களும் மறந்துட்டேன்னு சொல்லலாமா?

— ஒரே ஸ்டாப்புல ஏழு பேரு ஒரே நாள்ல மறந்தா அது மறதியாம்மா? ஒருத்தர விடலாம். ஆறு பேர எழுதியே ஆவணும். எழுதினா, அந்த ஸ்டாப்பு ஆளுங்க ஏமாத்துறாங்கன்னு ஊர்ஜிதம் ஆயிரும். அடுத்த மாசத்துலேர்ந்து பஸ்ஸு அங்க நிக்காது. அப்படித்தான் பேசிக்கிறாங்க.

— ஏமாத்துறாங்களா? யாரு, நல்லம்மாக்காவா? அந்தப் பச்சை சேலை. கடையில ரெண்டு காசு கூட குடுத்துட்டாங்கன்னா அடுத்த நாளு வெயில்ல நடந்து போய் திருப்பிக் குடுக்குற மனுசி!

— எனக்கென்னாம்மா தெரியும்? மெஷின் சொல்லுது.

— மெஷினுக்கு என்னா தெரியும்? நான் மறக்கல அண்ணே. மறந்தேன்னு பொய் சொல்ல மாட்டேன். அது எங்க பழக்கம். பஸ்ஸு எங்கள எடம் சேத்தாத்தான் காசு.

— இது என்னா கூத்து? எந்த ஊருலயும் இல்லாத பழக்கம்!

— எங்க தோட்டத்துல இருந்துச்சே. நாங்க குடியிருந்த லயத்து வீடுங்கள்லேர்ந்து பத்து காஜாவுக்கு ஒரே ஒரு பஸ்ஸு. செம்மண் ரோடு. மழை பேஞ்சா பாதி வழியில சக்கரம் மாட்டிக்கும். ஏறும்போதே காசக் குடுத்துட்டு, முழங்கால் சேத்துல புள்ளையத் தூக்கிக்கிட்டு நடந்து போயிருக்காங்க எங்க ஆளுங்க. காசத் திருப்பிக் கேட்டா கண்டக்டரு தர மாட்டான். ஒரு நாளு லயமே ஒண்ணு கூடி நின்னுருச்சு. கொண்டு போய்ச் சேத்துரு, எறங்கும்போது வாங்கிக்கன்னு சொல்லிட்டாங்க. அவனும் சரின்னுட்டான். அன்னிலேர்ந்து அப்படித்தான்.

— தோட்டம் வித்து வீடு கட்டி எத்தனை வருசம் ஆச்சு?

— தோட்டம் போச்சு, ஆளுங்க போவலயே. லயத்துல பக்கத்து வீடா இருந்தவங்க தாமான்லயும் பக்கத்து வீடுதான்.

— கார்டு குடுக்கும்போது ஒங்களுக்கு யாரும் சொல்லலயா? ஏறும்போது ஒண்ணு, எறங்கும்போது ஒண்ணு, ரெண்டு தடவ தட்டணும்னு?

— கோயில் மண்டபத்துல மேசை போட்டு ஒரு புள்ள குடுத்துச்சு. வேக வேகமா பேசிட்டு, எறங்கும்போது தட்ட மறந்துராதீங்கன்னு அதையே நாலு தடவ சொல்லிச்சு. எங்க ஆளுங்களுக்கு சந்தோசம்னா சந்தோசம். பாருங்க, கம்பெனிக்கே நம்ம பழக்கம் தெரிஞ்சிருக்குன்னு பேசிக்கிட்டோம்.

— அலாமா! கனகு, நான் சிரிச்சா வண்டி ஆடும். கொஞ்சம் நிறுத்தச் சொல்லு.

— சிரிக்காதீங்க சுகு அண்ணே. இவங்க சொல்றத நான் நம்பலாம், ஆபீஸுல யாரு நம்புவா? கையில ஒண்ணும் இல்லாம எப்படிப் போய் சொல்லுவேன்?

— அப்ப கண்ணால பாருங்க. இப்ப யாரையும் எழுதாதீங்க. ஈப்போ டவுன் ஸ்டாப்பு வரட்டும். பின் கதவுக்கிட்ட நின்னு பாருங்க. ஆறு பேருல ஒருத்தர் தட்டாம எறங்கினாலும் என் பேர மொதல்ல எழுதுங்க. ஏமாத்தினவன்னே எழுதுங்க. நான் கையெழுத்துப் போட்டுட்டு அப்படியே வீட்டுக்குப் போறேன்.

— யம்மா, யோசிச்சுப் பேசுங்க. ஆறு பேருக்கும் நீங்க பொறுப்பா?

— தெரிஞ்ச ஆளுங்கதான்.

— சரி. ஆனா நீங்க வாயத் தெறக்கக் கூடாது. கண்ணு காட்டுறது, கைய காட்டுறது ஒண்ணும் ஆவாது. இங்கயே உக்காருங்க.

— உக்காந்திருக்கேன்.

— சுகு அண்ணே, நீங்களும் ஒண்ணும் சொல்லக் கூடாது.

— நான் கதவத் தொறப்பேன், மூடுவேன். அவ்வளவுதான்.

— டவுன் வந்திருச்சு. எல்லாரும் எந்திரிக்கிறாங்க. நான் பின்னுக்குப் போறேன்.

— ஆண்டவரே, ஆண்டவரே.

— வாய!

— ஜெபம் பண்றேன் அண்ணே. அதுக்கும் சம்மனா?

— மனசுக்குள்ள பண்ணுங்க. பச்சை சேலை... தட்டிட்டாங்க. ஒண்ணு. தொப்பி போட்டவரு, தட்டிட்டாரு. ரெண்டு. கண்ணாடி போட்ட பொண்ணு, மூணு. அந்தப் பொண்ணோட அம்மாவா? நாலு. காதுல என்னத்தையோ மாட்டிக்கிட்டு ஆடிக்கிட்டே வரானே, இவன்... தட்டிட்டான். அஞ்சு. கடைசியா யாரு, கீரைக் கட்டுக்காரரா?

— கனகு, அவரு ரெண்டு கையிலயும் ரெண்டு மூட்டை வச்சிருக்காரு.

— பாத்தேன் அண்ணே. எறங்குறாரு. மெஷின்ல கை படல. எறங்கியே போயிட்டாரு.

— அர்ச்சுனன் மாமா...

— வாயத் தெறக்காதீங்கன்னு சொன்னேன்லம்மா! அவரு போறாரு. கடைங்க முன்னுக்கு இருக்குற ஐந்தடி நடைபாதைக்குள்ள போயிட்டாரு. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா நீங்க சொன்ன வார்த்தை. ஐசியக் குடுங்க.

— இந்தாங்க.

— பேரு மேரி எல்ஸி... இருங்க.

— என்னா அண்ணே?

— மூட்டைய ஐந்தடியில எறக்கி வைக்கிறாரு. கைய வேட்டியில தொடைக்கிறாரு. சுகு அண்ணே, கதவ மூடிறாதீங்க!

— மூடுற மாதிரியா தெரியுது ஒனக்கு?

— வாராரு. அடப் பாவி மனுசா, ஓடி வாராரு! படியில ஏறி... தட்டிட்டாரு. எனக்கு சலாம் வேற வைக்கிறாரு. கீரை விழுந்துரும்னுதான் மூட்டைய வச்சிட்டு வந்தாராம்.

— நான்தான் சொன்னேன்ல. நான்தான் சொன்னேன்ல அண்ணே!

— சொன்னீங்கதான். கதவ மூடுங்க அண்ணே, டிப்போக்குப் போவலாம். யம்மா, இப்ப ஒங்க கார்டக் குடுங்க. பழைய பயணத்தப் பாக்கணும்.

— இதுல தெரியுமா?

— எல்லாம் தெரியும். எறங்கும்போது தட்டினா, மெஷின் நீங்க அங்கதான் ஏறுறீங்கன்னு நெனைச்சுக்குது. அப்புறம் நீங்க எறங்கின மாதிரி அதுக்குத் தெரியாது. எறங்கவே இல்லன்னு ரூட்டு முழுசுக்கும் போனதா போட்டு முழு டிக்கெட்டு புடிச்சிரும். பாருங்க. நேத்து முழு டிக்கெட்டு. முந்தாநேத்து முழு டிக்கெட்டு. போறதுக்கும் வாரதுக்கும் முழுசு முழுசா கட்டியிருக்கீங்க.

— ஐயோ! காசு வேகமா கொறையுதுன்னு பெர்னார்டு சொன்னாரு. நான்தான் வெலவாசி ஏறிப் போச்சுன்னு அவரு வாய மூடினேன்.

— திருட்டுப் பயணமின்னு புடிக்க வந்தேன். இங்க பாத்தா ஒரு தாமானே கூடுதலா கட்டிக்கிட்டு இருக்கு. வெக்கமா இருக்கும்மா. மூணு மாசமா ஒங்க ஆளுங்களப் பத்தி ஆபீஸுல என்னென்னமோ பேசினோம்.

— அப்ப ஸ்டாப்ப எடுக்க மாட்டாங்கதானே?

— எதுக்கு எடுக்குறாங்க? ஆறு பேரு தட்டினதும் கதவு மெஷின்ல பதிஞ்சிருக்கு. முழு ரிப்போர்ட்டா எழுதித் தாரேன். ஞாயித்துக்கிழமை நானே தாமானுக்கு வாரேன், ரெண்டு தடவ எப்படித் தட்டுறதுன்னு நின்னு காட்டுறேன்.

— வாங்க. சாப்பிட்டுட்டுத்தான் போவணும்.

— ஆனா ஒரு விசயம் இருக்கும்மா. ரூல்ஸுப்படி இன்னிக்கு நீங்க தட்டாமத்தான் ஏறியிருக்கீங்க. ரிப்போர்ட்டுல யாரு சொன்னான்னு பேரு வரணும். ஏறும்போது தட்டலன்னும் வரணும். வேலைக்கு ஆள் எடுக்குறவங்க அந்த ஒரு வரியை மட்டும் படிச்சாங்கன்னா?

— யாருகிட்ட குடுப்பீங்க?

— தினேஸ்வரி மேடம்.

— இண்டர்வியூ லெட்டர்லயும் அவங்க பேருதான் இருக்கு.

— தெரியும். அதான் கேக்குறேன், ஒங்க பேர விட்டுரவா? ஒரு பயணி சொன்னாங்கன்னு எழுதினாப் போச்சு.

— பேரில்லாத ஆளு சொன்னத யாரு நம்புவா? எழுதுங்க அண்ணே. மேரி எல்ஸி. வேலை போனா போவட்டும்... இல்ல, அப்படிச் சொல்ல மனசு வரல. எனக்கு இந்த வேலை ரொம்ப வேணும். ராத்திரி படுத்தாலும் ஸ்டியரிங்குதான் கண்ணுல நிக்குது. ஆனாலும் எழுதுங்க. முழுப் பேரா எழுதுங்க.

— எழுதிட்டேன்.

— டிப்போ வாசல் கேட்டு வந்திருச்சு. மணி ஒம்போது அம்பது. தேங்க்ஸ் அண்ணே. டிரைவர் அண்ணே, கதவத் தொறங்க.

— தொறக்க மாட்டேன்.

— அண்ணே, வெளையாடாதீங்க! ஓடிப் போனாத்தான் நேரத்துக்குப் போவ முடியும்.

— லெட்டர்ல என்னா போட்டிருக்கு, அதச் சொல்லுங்க. பத்து மணிக்கு மொதல்ல என்னா?

— மொதல்ல ரோட் டெஸ்ட், சீனியர் டிரைவரோட. அதுல பாஸ் ஆனாத்தான் மேடத்தப் பாக்க முடியும். செக்கர் அண்ணே, நீங்க ஏன் சிரிக்கிறீங்க?

— எனக்கு மொதல்லயே தெரியும்மா. சொல்லக் கூடாதுன்னு கண்ணாடியில மொறைச்சுக்கிட்டே வந்தாரு.

— அந்த சீனியர் டிரைவர் நான்தான்லா, எல்ஸி. ஆளு கெடைக்காமத்தான் மூணு வாரமா இந்த ரூட்ட ஓட்டுறேன். எறங்காதீங்க, இப்படி முன்னுக்கு வாங்க. சீட்ட இழுத்துப் போட்டுக்குங்க, கண்ணாடிய ஒங்க ஒயரத்துக்குத் திருப்புங்க.