கோடு விழாத வண்டி

கவி, நீ பேசாத, தாடையில கம்பி வெச்சிக் கட்டியிருக்காங்க. தலைய மட்டும் ஆட்டு, போதும்.

அண்ணன் கைக்கு ஒண்ணுமில்லம்மா, காலர் எலும்பு தான் ஒடஞ்சிருக்கு. உம்புருஷன் வாங்குனதுக்கு முன்னாடி இதெல்லாம் ஒரு அடியா? அடி அண்ணாமலை கோயில் கிட்ட கரும்பு ஜூஸ் குடிச்சிட்டு ரோட்டத் தாண்டுனான். நான் பைக்ல எழுபதுல வரேன். கால் மேலயே ஏறிச்சு, முட்டி எலும்பு வெளிய வந்துடுச்சு. தூக்கி வீசுனதுல மண்ட போயி ஜூஸ் மெஷின் இரும்புச் சக்கரத்துல மோதிச்சு. செதறு தேங்கா ஒடைச்ச சத்தம். கரும்புச் சக்கையெல்லாம் ரத்தம்.

மூஞ்சத் திருப்பாத. உன்ன ஹெல்மெட்டால அடிச்சானே, அவன் திருப்பிக்கினானா? நின்னு பாத்து, குறி வெச்சி அடிச்சான். மூணாவது வாட்டியா நீ வாயெல்லாம் ரத்தமா எங்கிட்ட வந்து நின்ன கவி.

காலையில பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தாரு. ரோட்ல டயர் தேச்ச கோடே இல்லியே, நீ பிரேக் புடிச்சியான்னு கேட்டாரு. சார், இது ஏபிஎஸ் வண்டி, ரெண்டு வீலுக்கும் இருக்குது, எவ்ளோ அமுக்குனாலும் வீலு இறுகாது, இறுகுனா தான கோடு விழும்னேன். பன்னெண்டு வருஷமா மெக்கானிக்கு, எனக்குத் தெரியாதா? மழையில திடீர்னு புடிச்சா வழுக்கி உழாம உசுரக் காப்பாத்தும். ஜல்லியில தான் கொஞ்சம் மோசம், உட்டு உட்டுப் புடிக்கறதால நிக்கறதுக்கு தூரம் ஜாஸ்தி ஆவும். தார் மேல ஜல்லிப்பொடி செதறிக் கெடந்துச்சு, அதான் சார் நிக்கலன்னேன். அவரு தலையாட்டி எழுதிக்கினாரு.

ஸ்டேஷன்லயே ஜாமீன்ல உட்டுட்டாங்க. போன மாசம் உன்ன இட்டுக்கினு போனனே, அதே ஸ்டேஷன் தான். குடும்பத் தகராறு, பேசித் தீத்துக்கோங்கன்னு அனுப்புனாங்கல்ல.

இன்னாத்துக்கு அழுவற? அவனுக்கா, எனக்கா?

இரு, ஊசி போட்ட கையால எழுதாத. குடு, பாக்கறேன். ஓ. அது உன் வண்டி இல்லியேன்னு கேக்கறியா? ஆமா, அது என் கூட்டாளி ராமன் வண்டி தான், எடுத்து மூணு மாசம் கூட ஆவல. என் பழைய வண்டி ஸ்டார்ட் ஆவல, ஒரு மணி நேரம் குடுடான்னு வாங்கிக்கினு வந்தேன். ஸ்டேஷன்லயும் அப்டி தான் எழுதிக் குடுத்துருக்கேன்.

கஞ்சி ஆறுது, ஸ்ட்ராவ வாய்ல வெய்யி. உங்கிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்? என் வண்டி மொத உதையிலயே ஸ்டார்ட் ஆச்சு. அதுல ஏபிஎஸ் இல்ல. அதுல போயி அடிச்சிருந்தா, ரோட்ல கோடு எங்கடான்னு கேட்டப்ப நான் இன்னா சொல்லியிருப்பேன்? பிரேக்க நான் தொடவே இல்லியே.