மொட்டை ஆடுகளும் ஹார்லனின் சேணமும்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் லொரெய்ன் அம்மையார் அவர்களே, மாட்டுப் பண்ணைப் பெருமக்களே, மலைச்சரிவில் ஆடு மேய்த்தே முடி நரைத்த என் பாஸ்க் இனத்து மூத்தோரே, விடியலில் எழுந்து அப்பம் சுட்டு நம் வயிற்றைக் குளிர வைத்த தாய்மார்களே, ஆட்டுச் சவாரிக்குப் போட்ட தலைக்கவசத்தைக் கழற்ற மாட்டேன் என்று முன்வரிசையில் அடம்பிடிக்கும் சின்னஞ்சிறு வீரர்களே, உங்கள் டொமினிக் எச்சார்ட்டின் அன்பு வணக்கம்.

பின்னாலிருந்து யாரோ சுருக்கமாகப் பேசச் சொல்கிறார். ஐயா, பேச ஆளில்லாமல் மாதக்கணக்கில் மலையில் கிடந்தவன் நான். ஒலிபெருக்கி கையில் கிடைத்தால் விடுவேனா?

நான் சொல்லப்போவது நடந்து இருபத்தெட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. நம் ரோடியோ என்னும் சவாரித் திருவிழாவில் காளை மாட்டுப் பண்ணைக்காரர்களுடையது, குதிரை அவர்களுடையது, கைதட்டலும் அவர்களுடையது. ஆட்டுக்காரர்களாகிய எங்களுக்கு இருந்தது ஒன்றே ஒன்று: பிள்ளைகளின் ஆட்டுச் சவாரி. ஆறு நொடி ஆட்டின்மேல் ஒட்டிக்கொண்டிருந்தால் வெற்றி. அதற்காகவே ஆண்டுதோறும் பத்து ஆடுகளைக் கம்பளி வெட்டாமல் நான் ஒதுக்கி வைப்பேன். பிடித்துக்கொள்ளப் பிள்ளைகளுக்கு வேறென்ன இருக்கிறது?

அந்த வசந்தத்தில் கம்பளி வெட்டுக்காரர்கள் வந்த அன்று, பத்தையும் பிரித்துக் கட்ட மறந்துபோனேன். மாலையில் பார்த்தால் பத்தும் மொட்டை. வெளியே சொல்ல வெட்கம். ஜூலையில்தானே ரோடியோ, அதற்குள் வளர்ந்துவிடும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். அன்றும் இப்படித்தான் சிரித்தீர்கள்.

வளர்ந்ததா? விரலிடுக்கில் சிக்கும் அளவுக்குக்கூட வளரவில்லை. ஏறிய பிள்ளை வழுக்கியது, அடுத்ததும் வழுக்கியது, ஒன்பது பிள்ளைகளும் வழுக்கி விழுந்து அழுதன. அரங்கத்தின் சிரிப்பு மெல்ல அடங்கியது. குதிரைமேல் வந்தார் அன்றைய ரோடியோ தலைவர் ஹார்லன் ஸ்ட்ரவுட்.

"போதும் ஆட்டுக்காரரே. உங்க மொட்டைங்கள ஓட்டிக்கிட்டுப் போங்க. அடுத்த வருஷத்துலேர்ந்து இந்த வெளையாட்டே வேணாம்."

வரிசையில் கடைசியாக நின்றவள் என் மகள் மைட்டே. ஆறு வயது. ஆறைத் தாண்டினால் சவாரிக்கு அனுமதியில்லை, அவளுக்கு அதுவே கடைசி வாய்ப்பு. குளிர்காலம் முழுதும் கம்பளி மூட்டையைக் கட்டிப்பிடித்துப் பழகிய பிள்ளை. வா, வீட்டுக்குப் போகலாம் என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டு நேராக ஹார்லனின் குதிரையிடம் போனாள். சேணத்துக்கு அடியில் விரித்திருந்த விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"மாமா, இது ஆட்டுத்தோலுதானே? நீங்களும் ஆட்டு மேலதான ஒக்காந்திருக்கீங்க? எனக்கும் கொஞ்சம் குடுங்க."

மூன்று தலைமுறையாக ஆட்டு வாடையே ஆகாத மாட்டுக்காரக் குடும்பம் ஹார்லனுடையது! அவர் என் மகளைப் பார்த்தார், விரிப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இறங்கினார். சேணத்தைக் கழற்றினார். விரிப்பை உருவி, கம்பளிப் பக்கம் மேலே இருக்கும்படி ஆட்டின் முதுகில் போட்டு, தன் கயிற்றாலேயே கட்டினார்.

ஒன்று! இரண்டு! மூன்று! நான்கு! நான்காம் நொடியில் விழுந்தாள் என் மகள். ஆம், விழுந்தாள். ஓடிப்போய்த் தூக்கியது நானல்ல, ஹார்லன். வாயில் மண்ணோடு அவள் கேட்டது, "இன்னொரு தடவ?" அழுதுகொண்டிருந்த ஒன்பதும் அதையே கேட்டன. மறுக்க முடியுமா அந்த மனிதரால்? ஆடு மாற்றி ஆடு, பிள்ளை மாற்றிப் பிள்ளை, பொழுது சாயும்வரை அந்த ஒரே விரிப்பைக் கட்டினார், அவிழ்த்தார், கட்டினார்.

நிறைவு அணிவகுப்புக்கு நேரம் வந்தது. விரிப்பெல்லாம் ஆட்டுப் புழுக்கை, ஈரம், மண். அதைக் குதிரை முதுகில் போடலாமா? வெறும் முதுகில்தான் சேணம் ஏற்றலாமா, குதிரைக்குப் புண்ணாகிவிடாதா? கொடியைக் கையில் ஏந்தி, இருபது ஆண்டு குதிரைமேல் முன்னால் போன மனிதர், அன்று நடந்தார். தலைநிமிர்ந்து நடந்தார். ஆட்டு வாடையோடு நடந்தார்.

வேலியோரம் ஒதுங்கி நின்ற என்னைத் தாண்டியவர், நின்று திரும்பினார்.

"வாங்க டொமினிக். தனியா நடக்க ஒரு மாதிரியா இருக்கு."

நடந்தேன், பெருமக்களே. நம் ஊர் முழுதும் பார்க்க, அவர் தோளோடு தோளாக நடந்தேன். அன்றுமுதல் இந்த ஊரில் நான் வேலியோரம் நின்றதே இல்லை. பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.