ஆளில்லாத அறைக்கு ஒரு போன்

ஸ்கொட்லாந்து மலைப்பாதையில் இரண்டு வாரம் தனியாக நடக்கப் போகிறவரும், வழியனுப்ப வந்த அவருடைய நண்பரும் விக்டோரியா பஸ் நிலைய வரிசையில் எனக்கு முன்னால் நின்றார்கள்.

“போனமுறை வீட்டு நினைவிலை பாதியிலை அழுதுகொண்டு ஓடிவந்தனீ. இந்தமுறை என்ன செய்வாய்?” என்றார் நண்பர்.

“பின்னேரத்திலை போன் பூத்திலையிருந்து என்ரை அறைக்கு அடிப்பன்.”

“அங்கை ஆர் இருக்கினம், விசரா?”

“ஒருத்தரும் இல்லைத்தான். ஆனா மணி அடிக்கும். எனக்கும் ஒரு வீடு இருக்கெண்டு தெரியும்.”

நண்பர் சிரிக்கவில்லை. “அறைக் கதவுத் திறப்பைத் தா. ஏழு மணிக்கு நான் போய் இருந்து எடுக்கிறன்.”

“நீ எடுத்தா காசு திரும்பி வராதே!”

விதிப்படி சரி. யாரும் எடுக்காவிட்டால்தான் போன் பெட்டி காசைத் திருப்பித் தரும்.

பஸ் புறப்பட்டபோது ஜன்னல் வழியே பார்த்தேன். திறப்பு நண்பரின் கையில் இருந்தது.